ஊர் ஒன்று, பெயர் இரண்டு



போலந்தின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில் ஒரு துறைமுகப் பட்டினம். போலந்துக்காரர்களுக்கு அது க்டான்ஸ்க்; ஜெர்மானியர்களுக்கு டான்சிக். 1939 செப்டம்பர் முதல் தேதி ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று இந்தத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1980-இல் லேக் வலேசாவின் தலைமையில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் இங்கேதான். இந்த ஊரின் பெயரை வைத்து ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பெரும் சண்டை நடந்தது.

விக்கிப்பீடியா 2001-இல் தொடங்கியது. யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். இரவு ஒருவர் 'டான்சிக்' என்று எழுதிவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் இன்னொருவர் அதை 'க்டான்ஸ்க்' ஆக்கியிருப்பார். ஊரைப் பற்றிய ஒரே கட்டுரையோடு போயிருந்தால் பரவாயில்லை. காய்ச்சல் பார்க்கும் அளவுக்குப் பெயர் தந்த ஃபாரன்ஹீட் பிறந்தது அங்கே. தத்துவஞானி ஷோப்பன்ஹவரும் நாவலாசிரியர் குந்தர் கிராஸும் பிறந்ததும் அங்கே. ஆக, 'பிறந்த ஊர்' என்று வந்த இடமெல்லாம் அடிதடி. 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தை நீக்கிப் பழையபடி ஆக்கக் கூடாது என்று விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு. பிடிவாதக்காரர்கள் மூன்றை எண்ணி முடித்துவிட்டு மறுநாளுக்குக் காத்திருப்பார்கள்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்ததுதான் சிக்கல். 1308-இல் டியூட்டானிய வீரர்கள் என்ற ஜெர்மானியச் சமயப் படை ஊரைப் பிடித்தது. 1454-இல் ஊரார் அவர்களை எதிர்த்துக் கிளம்பி, போலந்து மன்னரின் குடைக்குக் கீழ் வந்தார்கள். 1793-இல் பிரஷ்யா எடுத்துக்கொள்ளும்வரை அதே நிலை. அந்த முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆண்டது போலந்து மன்னர். ஊராரில் பெரும்பாலோர் பேசியதோ ஜெர்மன். கொடியைப் பார்த்துப் பெயர் எழுதுவதா, வீட்டுப் பேச்சைப் பார்த்து எழுதுவதா?

2005-இன் தொடக்கத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். வரலாற்றைத் துண்டு போட்டு, ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாக ஓட்டு. 1308-க்கு முன்பு க்டான்ஸ்க். 1308 முதல் 1945 வரை டான்சிக். அதன் பிறகு மறுபடியும் க்டான்ஸ்க் என்று முடிவாயிற்று. வரலாற்றுக்கு ஓட்டுப் போடுவதாவது என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஊர் யாருடையது என்று அங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தக் காலத்துக்கு எந்தப் பெயரைப் போடுவது, அவ்வளவுதான் கேள்வி. பதிப்பகங்களில் ஓர் ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை இது. இங்கே நடுத்தெருவில் வைத்துச் செய்தார்கள், அதனால் சத்தம் வெளியே கேட்டது. அந்த வாக்குகளும் வாதங்களும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கட்டுரையைவிட அவை சுவாரசியம் என்பது என் கட்சி.

வாழ்க்கை வரலாறுகளுக்கும் ஒரு விதி செய்தார்கள். ஒருவர் தெளிவாக ஜெர்மானியர் என்றால் டான்சிக் என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் க்டான்ஸ்க். தெளிவாகப் போலந்துக்காரர் என்றால் தலைகீழாக. அந்தத் 'தெளிவாக' இருக்கிறதே, முன்வாசலில் துரத்திய சண்டை அது வழியாகத்தான் கொல்லைப்புறமாக உள்ளே வந்தது. ஹெவிலியஸ் என்ற வானியலாளரைப் பாருங்கள். 1611-இல் அந்த ஊரில், பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்தடுத்த வீடுகளின் கூரை மேல் தொலைநோக்கிகளை நிறுத்தி, நிலவை மேடு பள்ளத்தோடு வரைந்து 1647-இல் நூலாக வெளியிட்டார். பேசியது ஜெர்மன், எழுதியது லத்தீன், குடிமகனாக வாழ்ந்தது போலந்து மன்னரின் கீழ். ஒரு விண்மீன் கூட்டத்துக்கே மன்னர் சோபியெஸ்கியின் கேடயம் என்று பெயர் சூட்டினார். இவர் தெளிவாக யார்?

நம் பக்கம் வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு அங்கே 'ஆலமரத்தடி' என்று பெயர். ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் வேண்டாம் என்று ஒரு சாரார். மக்கள் எழுதுகிறபடியே எழுதினால்தான் தேடுகிறவருக்குக் கிடைக்கும் என்று இன்னொரு சாரார். போதாக்குறைக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவில் கடல் ஒன்று. கனடாவின் பெருநகரை இலங்கைத் தமிழர் ரொறன்ரோ என்கிறார்கள், தமிழ்நாட்டார் டொராண்டோ என்கிறார்கள். இரண்டும் அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ்தான்.

இதற்கு 'வழிமாற்று' என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். தேடுகிறவர் பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஆனால் கட்டுரையின் தலைப்பில் ஒரு பெயர்தான் நிற்க முடியும். அதற்கான பஞ்சாயத்துக்கு மட்டும் ஆலமரத்தடியில் ஆள் குறைவதே இல்லை.