மொட்டைக்கறுப்பனைக் கைவிடாதது ஏன்?
(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



“புதிய இன நெல் கூடுதலாக விளையும் என்று எத்தனை முறை சொல்லியும், யாழ்ப்பாணத்தார் மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் விடுகிறார்களில்லையே, அறியாமையன்றோ இது?” என்று கேட்பார் சிலர். மேசையிலிருந்து வயலைப் பார்ப்போருக்கு அப்படித்தான் தோன்றும்.

எமது குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. புழுதியில் விதைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழைக்காக வானத்தைப் பார்த்திருப்பதே எமது காலபோகம். மழை பிந்தினால் பயிர் வாடும். ஓரிரவில் கொட்டினால் வயல் வெள்ளக்காடாகும். கடனீரேரியை அண்டிய நிலங்களில் உவர் வேறு. நெடிதாக வளரும் நாட்டு நெல் வெள்ளத்துக்கு மேலே தலைநீட்டி நிற்கும். களையைத் தன் நிழலாலேயே அமுக்கும். குட்டை இனம் அங்கே மூழ்கி அழுகும்.

1958ஆம் ஆண்டில் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச்-4 முதலான இனங்கள் இந்நாட்டின் விளைச்சலை உயர்த்தின. அதனை நான் மறுக்கவில்லை. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலுக்குப் புதிய இனமே ஏற்றது. ஆனால் அந்த எச்-4இன் பெற்றோரில் ஒன்று முருங்கக்காயன் என்ற நாட்டு நெல் என்பதை மட்டும் ஏனோ எவரும் மேடையில் சொல்வதில்லை!

விளைச்சல் என்றால் புசற்கணக்கு மட்டுமா? யூரியாவின் விலை, களைநாசினியின் விலை, கடனுக்கு வட்டி, இவற்றைக் கழித்து மிஞ்சுவதன்றோ கமக்காரனுடையது? நாட்டு நெல்லுக்கு அதிகம் யூரியா இட்டால் சாய்ந்துவிடும். அது அதன் குறைதான். எனினும் அக்குறையே அவனைக் கடனிலிருந்து காக்கிறது. நீண்ட வைக்கோல் மாட்டுக்கு. சிவந்த அரிசி பிட்டுக்கும் கஞ்சிக்கும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. பசளைக்கென்றே உருவான இனத்தை நம்பியவன் பசளையின்றி நடுவயலில் நின்றான். முன்னர் “யூரியா இடு” என்று கட்டளையிட்ட அதே ஆட்சிபீடம் “இயற்கைக்குத் திரும்பு” என்றும் கட்டளையிட்டது. இரண்டு வேளையிலும் கமக்காரனை எவர் கேட்டார்?

விதைப் பண்ணைகளில் நாட்டு நெல்லும் பெருக்கப்படல் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். எம்மிடமும் பிழையுண்டு. என் வீட்டு விதை மூடையிலேயே பிறநெல் கலந்துவிட்டது. வரும் ஆவணிக்கு முன்னர் ஊருக்குப் பத்து வீட்டிலாவது கதிர் பார்த்துப் பொறுக்கிய, கலப்பற்ற விதை சேருமாயின், திணைக்களத்தின் வாயிலுக்கு நாம் வெறுங்கையுடன் போகவேண்டியதில்லை.