சுவாமியின் தந்தை மறைந்த நாள்

ஊரில் ஒருவர் காலமானார் என்று செய்தி வந்தால், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிச் சென்று முகம் பார்ப்பது நம்மவர் வழக்கம். முகம் பாராத சாவு மனத்தில் முடிவு பெறுவதில்லை என்பர் பெரியோர். ஆனால் பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிவிட்ட நமக்கு இவ்வழக்கம் பெரும்பாலும் கைகூடுவதில்லை. பம்பாயிலிருந்து நெல்லைச் சீமைக்கு இரயிலில் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. நாம் வாசற்படி ஏறும்போது காடாற்றும் முடிந்திருக்கும். தாயின் முகத்தையோ, தமையனின் முகத்தையோ கடைசியாக ஒருமுறை காணாதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும், இங்கே நெருளிலும், வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருப்பார்.

இந்த முன்னுரைக்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் நாள் திங்கட்கிழமை காலை, பெங்களூரில் கிரீஷ் கர்னாட் தமது எண்பத்தோராம் வயதில் காலமானார். நெருளில் எங்கள் குடியிருப்பில் அச்செய்தியை முதலில் கொண்டு வந்தவர் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஒரு மூதாட்டி. "சுவாமியின் அப்பா போய்விட்டாராமே, கேட்டீர்களா?" என்றார் அவர். ஞானபீடப் பரிசு பெற்ற நாடகாசிரியர் மறைந்தார் என்று அவர் சொல்லவில்லை. 'காதலன்' படத்தில் கவர்னராக வந்தவர் என்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் ஒரு சிறுவனுக்குத் தந்தையாக வந்தவர் போய்விட்டார் என்பதே அவர் அறிந்த செய்தி. அன்று மாலை வரை அதே சொற்களைப் பலர் வாயிலிருந்தும் கேட்டோம்.

ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் 'மால்குடி டேஸ்' என்னும் தொடராக எடுத்தார். 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் அதனை நாடெங்கும் ஒளிபரப்பியது. ஆகும்பேயில் உள்ள பழைய பெரிய வீடு ஒன்று சுவாமியின் வீடாயிற்று. இசை அமைத்தவர் நம் எல். வைத்தியநாதன். தொடக்கத்தில் வரும் சித்திரங்களை வரைந்தவர் ஆசிரியரின் தம்பியும் பம்பாய்வாசியுமான ஆர். கே. லட்சுமணன். சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத் நடித்தான். கண்டிப்பு நிறைந்த வக்கீல் தந்தையாகக் கிரீஷ் கர்னாட் வந்தார்.

அத்தொடர் நமக்கு ஏன் அத்தனை நெருக்கமாயிற்று என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறோம். அது பேசியது இந்தி. ஆனால் திரையில் தெரிந்த வீடு நம்முடையது. திண்ணையும் தூண்களும், பாட்டியின் கதையும், தகப்பனார் வீட்டில் இருக்கும் வேளையில் குரலை அடக்கிப் பேசும் பிள்ளைகளும் நம் ஊர்களில் நாம் விட்டுவிட்டு வந்தவை. பம்பாயில் பிறந்த நம் குழந்தைகளுக்கு அவ்வீட்டைச் சொல்லி விளங்கவைக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தோம். ஒற்றை அறையில் ஐந்து பேர் உறங்கும் குழந்தைக்குத் திண்ணை என்றால் என்ன தெரியும்? அத்தொடர் அதைக் காட்டிவிட்டது. அதிலும் பெரிய இலாபம், அடுத்த வீட்டு மராத்திக் குழந்தையும் மேல்மாடிக் குஜராத்திக் குழந்தையும் கூடவே உட்கார்ந்து பார்த்தன. "உங்கள் ஊர் வீடு இப்படித்தான் இருக்குமா?" என்று அவை கேட்டபோது, நம் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருமையோடு தலையசைத்தன. அதுவரை 'மதராஸி' என்னும் ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள்.

கர்னாட் அந்தத் தந்தையைக் கொடியவராக ஆக்கவில்லை. தைரியத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததை மகனுக்கு எடுத்துச் சொல்லி, அன்றிரவு தனியே அலுவல் அறையில் படுக்குமாறு அவனைக் கட்டாயப்படுத்தும் கதை பலருக்கு நினைவிருக்கும். பையன் நடுங்குகிறான்; தந்தை இணங்குவதில்லை. ஆயினும் அந்தக் கண்டிப்பின் அடியில் ஓர் அக்கறை இருப்பது அவர் முகத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். நம்மில் பலருடைய தகப்பனார்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

இவரை வெறும் பழங்கால வீட்டுத் தந்தை என்று நினைத்துவிடக் கூடாது. 1989ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் 'இந்திரதனுஷ்' என்றொரு விஞ்ஞானப் புனைகதைத் தொடர் வந்தது. ஆனந்த் மகேந்திரூ இயக்கியது. சிறுவர்கள் கூடித் தாமே ஒரு கணிப்பொறியைப் பொருத்துவதும், வேற்று மண்டலத்திலிருந்து ஒருவன் வருவதும், காலத்தைக் கடந்து பயணம் செய்வதுமாகக் கதை செல்லும். வீட்டில் கணிப்பொறி என்பதே கனவாக இருந்த நாட்கள் அவை. அத்தொடரிலும் கர்னாட் தந்தையாகவே வந்தார். பிற்காலத்தில் பெயர் பெற்ற ஊர்மிளா மாதோண்ட்கரும் கரண் ஜோஹரும் அதில் இளைஞர்களாக நடித்தார்கள். அன்று அதைக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் இன்று கணிப்பொறித் துறையில்தான் இருக்கிறார்கள். ஒரு தொடர்தான் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கர்னாடின் மறைவைக் கேட்டதும் அவர்களில் ஒருவன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, 'இந்திரதனுஷ்' தொடரைப் பற்றியே அரைமணி நேரம் பேசினான்.

விஞ்ஞானத்துக்கு அவர் செய்த தொண்டு இன்னும் ஒன்று உண்டு. 'டர்னிங் பாயிண்ட்' என்னும் விஞ்ஞான நிகழ்ச்சியை அவர் தொகுத்து வழங்கினார். நேயர்களின் கேள்விகளுக்குப் பேராசிரியர் யஷ்பால் விடையளிப்பார். அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' ஆங்கிலத்தில் ஒலிநூலாக வந்தபோது, இராமேசுவரத்துப் பிள்ளையின் வாழ்வைச் சொல்லிய குரலும் இவருடையதே. வெறும் குரலை நம்பி வாழும் வானொலியார்க்கு இது தனியே ஒரு மகிழ்ச்சி.

இவரும் ஒரு வகையில் நம்மைப் போன்றவரே. 1938ஆம் ஆண்டு மாதேரானில் பிறந்தவர். அம்மலைக்குச் செல்லும் சின்ன இரயில் புறப்படும் ஊர் நேரள். ஊரிலிருந்து வரும் நம் விருந்தினர்கள் நெருளுக்கும் நேரளுக்கும் வேற்றுமை தெரியாமல் திகைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அது நிற்க. வீட்டு மொழி கொங்கணி, வளர்ந்தது சிர்சியிலும் தார்வாரிலும், எழுதியது கன்னடத்தில். ஆக்ஸ்போர்டில் கற்றுத் திரும்பியபின், 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணிபுரிந்தார். 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவில் பங்குகொண்டார். 1964இல் வெளிவந்த 'துக்ளக்' நாடகம் அந்தச் சென்னை ஆண்டுகளைச் சேர்ந்தது. துக்ளக் என்றதும் நம்மவர்க்குச் சோதான் நினைவுக்கு வருவார். அது வேறு, இது வேறு. பிற்காலத்தில் 'நான் அடிமை இல்லை', 'மின்சாரக் கனவு' முதலிய தமிழ்ப் படங்களிலும், 2016இல் காலப் பயணத்தைக் கதையாகக் கொண்ட '24' படத்திலும் நடித்தார். பிறந்த மண் ஒன்று, பேசிய மொழி வேறு, பிழைத்த ஊர் பிறிதொன்று என்று வாழும் நமக்கு இவ்வரலாறு புதிதன்று.

இனி, அவர் மறைந்த நாளுக்கு வருவோம். கர்நாடக அரசு ஒரு நாள் விடுமுறையும் மூன்று நாள் துக்கமும் அறிவித்தது. ஆனால் சடங்கு கூடாது, ஊர்வலம் கூடாது, அரசு மரியாதை கூடாது என்பது கர்னாடின் விருப்பம். குடும்பத்தார் அதனை அப்படியே நிறைவேற்றினர். பொதுமக்களின் பார்வைக்கு உடலை வைக்கவில்லை. பெங்களூரில் கல்பள்ளி மயானத்தில் எளிய முறையில் தகனம் நடந்தது. "இத்தனை பேர் அன்பு வைத்திருக்கிறோம், ஒருமுறை முகத்தைக் காட்டியிருக்கலாகாதா?" என்று நம் மூதாட்டி குறைப்பட்டுக்கொண்டார். அக்குறையில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அண்ணா மறைந்த 1969ஆம் ஆண்டிலும், எம்.ஜி.ஆர். மறைந்த 1987ஆம் ஆண்டிலும் சென்னை எப்படி மக்கள் கடலாயிற்று என்பதை அறிந்தவர்கள் நாம். முகம் காண்பது அன்புக்குரியவரின் மீது நமக்குள்ள உரிமை என்றே வளர்ந்தவர்கள்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரைப்படத்தைக் கொட்டகையில் ஆயிரம் பேரோடு கூடி அமர்ந்து பார்க்கிறோம். அந்த நடிகருக்கான துயரமும் கூட்டமாகவே வெளிப்படுகிறது. தொலைக்காட்சி நடிகரோ வீட்டுக்குள் வந்தவர். நாம் சாதம் பிசைந்துகொண்டிருக்கையில் எதிரே அமர்ந்திருந்தவர். அவருக்கான துயரமும் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. இவரைக் காணத் தெருவில் கூட்டம் சேராமல் போனதால் அன்பு குறைந்துவிடவில்லை.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரில், ஸ்பாக் என்ற வேற்றுக்கோள்வாசியாக லியோனார்டு நிமோய் நடித்தார். விரல்களை நடுவே பிரித்துக் கையுயர்த்தி அவர் செய்யும் வணக்கம் உலகப் புகழ் பெற்றது. அதை அவர் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? அவருடைய பெற்றோர் உக்ரைன் நாட்டிலிருந்து பாஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்த யூதர்கள். வழிபாட்டுக் கூடத்தில் குருமார் ஆசி வழங்கும்போது பார்க்கக் கூடாது என்பது வழக்கம்; சிறுவன் நிமோய் ஒளிந்து பார்த்துவிட்டான். அந்தக் கைக்குறிதான் பின்னாளில் விண்வெளி மனிதனின் வணக்கமாயிற்று! குடிபெயர்ந்தவன் மூட்டையில் என்னென்ன வருகின்றன பாருங்கள். 2015 பிப்ரவரி 27இல் அவர் மறைந்தபோது, மறுநாளே விண்வெளி நிலையத்திலிருந்த டெரி விர்ட்ஸ் என்னும் வீரர், சாளரத்தின் வழியே பூமி தெரிய, அதே விதமாகக் கையை நீட்டிப் படம் எடுத்து அனுப்பினார். கனடா நாட்டில் இரசிகர்கள் ஐந்து டாலர் நோட்டிலிருந்த பழைய பிரதமரின் முகத்தை ஸ்பாக்கின் முகமாக வரைந்து மாற்றினார்கள். நோட்டில் கிறுக்குவது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்தக் குறும்பில் இருந்த துக்கம் விளங்குகிறது. முகம் பார்க்க இயலாதவர்கள், அந்த முகத்தைக் கையில் கிடைத்ததில் எல்லாம் வரைந்துகொண்டார்கள்.

அன்றிரவு எங்கள் குடியிருப்பில் நடந்ததும் அதுவே எனலாம். யாரும் திட்டமிடவில்லை. ஒரு வீட்டில் 'மால்குடி டேஸ்' பழைய பகுதி ஒன்றைப் போட்டார்கள். வைத்தியநாதனின் இசை படிக்கட்டு வழியே இறங்கியது. ஒவ்வொருவராக வந்து தரையில் அமர்ந்தோம். மராத்தி நண்பர் ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். சிறுவயதில் மாதுங்காவில் தமிழர் வீட்டில் அமர்ந்து இதே தொடரைப் பார்த்தவராம். மூதாட்டிக்கு நாற்காலி போட்டோம். அலுவல் அறையில் தனியே படுக்கும் கதை ஓடியது. சுவாமி திருடனின் காலைக் கடித்த இடத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் சிரித்ததுபோலவே எல்லோரும் சிரித்தோம். பிறகு தந்தையின் முகம் அருகில் வந்தது. மூதாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பார்த்தாயிற்று," என்றார்.

அவருக்குச் சமாதி இல்லை. ஆனால் ஷிமோகா மாவட்டத்தில் அத்தொடருக்காகப் படம் பிடிக்கப்பட்ட அரசாளு இரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தை, 2020ஆம் ஆண்டில் இரயில்வேயினர் 'மால்குடி' அருங்காட்சியகம் ஆக்கினர். பழைய பெட்டி ஒன்றைத் தேநீர்க் கடையாகவும் அமைத்தனர். நெருளிலிருந்து கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் சில, வழியை மாற்றிக்கொண்டு அங்கே இறங்கிப் போகின்றன.