கூட்டாளியா, கையேந்துபவனா?
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஊரை விட்டு வந்து உழைத்துப் பிழைக்கும் நமக்கு அணு ஆராய்ச்சியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். தொழில் தெரிந்தவன் கூலியைப் பேசி வாங்குகிறான், தெரியாதவன் கொடுத்ததை வாங்கிக் கொள்கிறான். நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான்.

நாம் வாழும் இந்த மும்பையின் டிராம்பேயில் 1956-இல் இயங்கத் தொடங்கிய அப்சரா உலைக்கு எரிபொருள் தந்தது பிரிட்டன். 1960-இல் வந்த சைரஸ் உலை கனடாவின் உதவி. அதற்குக் கனநீர் தந்தது அமெரிக்கா. 1974-இல் பொக்ரானில் இந்தியா அணு வெடிப்பு நடத்தியதும் கனடா உறவை முறித்தது. சைரஸில் விளைந்த புளூட்டோனியம் அதில் பயன்பட்டதே என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதன்பின் பல கதவுகள் அடைபட்டன.

கல்பாக்கத்தைப் பாருங்கள். பிரான்சின் கதராஷ் என்ற இடத்தில் ராப்சோடி என்றோர் உலை இருந்தது. அதன் அமைப்பைத் தழுவி நம் கல்பாக்கத்தில் சோதனை வேக ஈனுலை கட்ட 1969-இல் ஒப்பந்தம் ஆயிற்று. 1974-க்குப் பிறகு அதற்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து கிடைக்கவில்லை. வேலை நின்றதா? இல்லை. டிராம்பேயில் புளூட்டோனியம் கார்பைடையும் யுரேனியம் கார்பைடையும் கலந்து வேறு எரிபொருள் செய்தார்கள். 1985 அக்டோபரில் உலை உயிர் பெற்றது.

அதே கதராஷில் இன்று ஐட்டர் எழுகிறது. இது அணுவைப் பிளக்கும் உலை அல்ல. சூரியனில் நடப்பதைப் போல அணுக்களை இணைத்துப் பார்க்கும் சோதனை. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், சீனா, தென்கொரியா, இந்தியா ஆகியவை 2006 நவம்பர் 21-இல் பாரிசில் கையெழுத்திட்டன. இம்முறை நாம் வாசலில் நிற்கவில்லை. கட்டுமானத்தில் நம் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம். அதில் பெரும்பகுதி பணமாக அல்ல, செய்து கொடுக்கும் பொருளாக. அங்கு விளையும் அறிவிலோ நமக்கு முழு உரிமை உண்டு.

உள்ளே 15 கோடி டிகிரி வெப்பம். அதைப் பிடித்து நிறுத்தும் காந்தங்களோ மைனஸ் 269 டிகிரிக் குளிரில். இவை அனைத்தையும் மூடி நிற்கும் எஃகுக் கலம் சுமார் 30 மீட்டர் உயரம், 3,850 டன் எடை. குஜராத்தின் ஹசீராவில் 54 துண்டுகளாகச் செய்து கப்பலேற்றி, அங்கே பற்றவைத்துச் சேர்த்தார்கள். கடைசித் துண்டுகள் புறப்பட்டது 2020-இல். பற்றவைப்பில் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் கலம் பயன்படாது. அந்த வேலையைச் செய்தவை தொழிலாளியின் கைகள்.

நாளைக்கே மலிவு மின்சாரம் வரும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஐட்டர் மின்சாரம் விற்காது. ஆராய்ச்சி தொடங்குவதே 2034-இல்தான் என்று 2024-இல் அறிவித்தார்கள். இது நம் பேரப்பிள்ளைகளுக்கான வேலை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. நாடு கேட்டுப் பெற்ற பங்காளி உரிமை, பட்டறையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி வரை வந்து சேர வேண்டும்: அவன் கற்ற நுட்பத்துக்குச் சான்றிதழும், அதற்கேற்ற கூலியும், உயிருக்குப் பாதுகாப்பும் வேண்டும். இரண்டாவது, நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களின் கதவு திறக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தாதீர்கள், தோழர்களே!