பட்டணம் பார்க்கப் போகையில் பாஸ் வாங்கலாமா?

கியா பார்மில் குடியிருக்கும் நமக்குச் சுற்றுலாப் பயணிகள் புதியவர்கள் அல்லர். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிரிஞ்சாங்கிலிருந்து நம் சந்தை வரைக்கும் வண்டிகள் நகர முடியாமல் நிற்கின்றன. பெரிய பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் சோளமும் ஸ்ட்ராபெரியும் வாங்குகிறார்கள். தேயிலைச் சரிவின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். வழிகாட்டி கை தட்டியதும் ஓடிப்போய் ஏறிக்கொள்கிறார்கள். கேமரன் மலையைப் பார்த்துவிட்டதாக ஊரில் போய்ச் சொல்வார்கள். நாம் பறிக்கும் கொழுந்தைக்கூட அவர்கள் கையால் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வருஷத்தில் ஒரு முறை நாமும் இப்படிப் பயணிகளாக மாறுகிறோம். ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போகிறோம். பாட்டிக்குப் பத்துமலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்கு இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும், அம்மாவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் சேலை எடுக்க வேண்டும். போய் இறங்கியதும் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது: ஒரே பாஸ், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். நான்கு பேருக்கு வாங்கிவிடலாமா? சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணமாயிற்றே, இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாஸ் என்பது பழைய ஏற்பாடுதான். 1959-ல் ஐரோப்பாவில் யூரெய்ல் பாஸ் வந்தது. வெளிக் கண்டத்திலிருந்து வருகிறவர்கள் ஒரே சீட்டில் பல நாட்டு ரயில்களில் போகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். லண்டன் மாநகரத்தில் 1983-ல் பஸ்ஸுக்கும் பாதாள ரயிலுக்கும் சேர்த்து ஒரே பயண அட்டை கொடுத்தார்கள். விற்கிறவர்களுக்கு இதில் நஷ்டம் வராதா என்று கேட்கலாம். வராது. ரயில் எப்படியும் ஓடத்தான் போகிறது; காலியாக இருக்கும் இடத்தில் நாம் உட்காருவதால் அவர்களுக்குச் செலவு கூடுவதில்லை. பணமும் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுகிறது. அதோடு, வாங்குகிறவர் தாம் ஏறப்போகும் தடவைகளை எப்போதும் கூடுதலாகவே நினைத்துக்கொள்வார். கல்யாண விருந்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பரிமாறுவார்கள், ஆனால் வயிறு ஒன்றுதானே! அதைப் போல எல்லையில்லாப் பாஸ் கையில் இருந்தாலும் காலுக்கு ஓர் எல்லை உண்டு. குழந்தையும் பாட்டியும் கூட இருந்தால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

கோலாலம்பூரில் நம் கண்ணில் படக்கூடிய பாஸ்கள் ஒரே வகை அல்ல. இதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதலாவது மை50 என்னும் மாதாந்திரப் பாஸ். 50 வெள்ளி கட்டினால் 30 நாளைக்கு ரேபிட் கே.எல். நிறுவனத்தின் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், பஸ் ஆகியவற்றில் கணக்கில்லாமல் போகலாம். 2019-ல் மை100, மை50 என்று இரண்டாக ஆரம்பித்தார்கள். அப்போது மை50 பஸ்ஸுக்கு மட்டுமே. பிறகுதான் ரயிலும் அதில் சேர்ந்தது. தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். பட்டணத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மூன்று நாளைக்குப் போகிற நமக்கு? ஒரு தடவை ஏறினால் சுமார் 2 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 வெள்ளியை எடுக்க 25 தடவை ஏற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறினாலும் மூன்று நாளில் 12 தடவைதான்; 24 வெள்ளிதான் ஆகிறது. மீதி 26 வெள்ளி வீண். அப்பா அம்மா இருவருக்கும் வாங்கியிருந்தால் 52 வெள்ளி. அந்தப் பணத்தில் குடும்பமே ஒட்டுக்கடையில் உட்கார்ந்து வயிறாரப் பசியாறலாம்.

“மகன்தான் பாஸ் வைத்திருக்கிறானே, அவன் வேலைக்குப் போகாத நாளில் அதை வாங்கிக்கொண்டு போகலாமே” என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. அந்தப் பாஸ் அடையாள அட்டையைக் காட்டி அவன் பெயரில் பதிந்தது. பரிசோதகர் கேட்டால் அவமானம் நமக்கு, அபராதம் அவனுக்கு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மை50 மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. நம் குடும்பங்கள் சிலவற்றில் பேரப்பிள்ளைகளுக்கு நீல அட்டை இருக்கும், பாட்டிக்கு இன்னும் சிவப்பு அட்டைதான். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த கையில் சிவப்பு அட்டை இருப்பதன் நியாய அநியாயம் வேறொரு நாள் பேச வேண்டிய பேச்சு. பயணத்தைப் பொறுத்தவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: முகப்பில் வரிசையில் நின்ற பிறகு பாட்டிக்கு மட்டும் கிடையாது என்று சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். டச் அண்ட் கோ அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் குடியுரிமைக் கேள்வியே வராது. கதவில் ஒற்றினால் திறக்கும். போன தூரத்துக்கு மட்டும் பணம் கழியும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஓர் அட்டையை ஒற்றி உள்ளே போய்விட்டு, அதையே பின்னால் வருகிறவருக்கு நீட்டினால் கதவு திறக்காது. ஏறும்போது ஒற்றிய அதே அட்டையைத்தான் இறங்கும்போதும் ஒற்ற வேண்டும். பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ரேபிட் கே.எல். பஸ்கள் 2019-ல் ரொக்கம் வாங்குவதை நிறுத்தத் தொடங்கின. ஆகவே பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டுத் திண்டாட வேண்டாம்.

இரண்டாவது வகை, ஒரு நாள் அல்லது சில நாளுக்கு விற்கும் குறுகிய காலப் பாஸ். நமக்கு ஏற்றது ஏதாவது இருக்குமானால் இந்த வகைதான். ஆனால் விலையைக் கேட்டவுடன் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: ஒரு நாள் என்றால் எப்போதிலிருந்து எப்போது வரை? உலகத்துப் பாஸ்களில் இரண்டு மாதிரி உண்டு. ஒன்று, முதல் முறை ஒற்றிய நேரத்திலிருந்து 24 மணி நேரம். மற்றது, அன்றைய ஓட்டம் முடிந்தால் பாஸும் முடிந்தது. காலையில் தானா ராத்தாவில் பஸ் ஏறும் நாம் பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கும் டி.பி.எஸ். நிலையத்தில் இறங்கும்போது பகல் சாய்ந்துவிடும். அப்போது இரண்டாம் மாதிரிப் பாஸை வாங்கினால் பாதி நாள் அப்போதே போய்விட்டது. வந்து இறங்கும் நாளில் பாஸ் வேண்டாம். இரவு தூங்கி எழுந்து, மறுநாள் காலை பசியாறிவிட்டு ஆரம்பிப்பதுதான் சிக்கனம்.

பாஸ் வைத்திருக்கும் நாளில் எங்கே போவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோலாலம்பூரில் நாம் பார்க்க விரும்பும் பல இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. பசார் செனி நிலையத்தில் இறங்கினால் 1873-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். தரிசனம் முடித்து அப்படியே நடந்தால் 1888-ல் காய்கறி, மீன் சந்தையாகத் தொடங்கி இன்று கைவினைப் பொருள் விற்கும் மத்தியச் சந்தை. இன்னும் சிறிது தூரம் போனால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம். அந்தக் கூடுதுறையில்தான் 1909-ல் கட்டப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது. சேறு கலந்த இந்த ஆற்றுச் சங்கமம்தான் பட்டணத்துக்கே பெயர் கொடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ஏறினால் மூன்றாவது நிலையம் கே.எல்.சி.சி. இவ்வளவுக்கும் மூன்று நான்கு தடவைதான் ரயில் ஏறுகிறோம். எல்லாம் குறுகிய தூரம், கட்டணம் சொற்பம். இதற்குப் பாஸ் எதற்கு?

தூரத்து இடத்துக்குப் போகும் நாளில்தான் பாஸ் தன் விலையைத் திருப்பித் தருகிறது. 2017-ல் முழுமையாகத் திறந்த காஜாங் எம்.ஆர்.டி. பாதையில் தென்கோடி வரை போகலாம். 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்த புத்ராஜெயா பாதையில் ஏறினால் பட்டணத்தின் நடுவிலிருந்து நேரே புத்ராஜெயா சென்ட்ரல் வரை கொண்டுபோய் விடுகிறது. ஏரியும் பாலங்களும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உதாரணத்துக்கு, மூன்று நாள் பாஸ் ஒன்று 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2 வெள்ளிப் பயணமாக இருந்தால் எட்டாவது தடவையில்தான் லாபம் தொடங்கும். 4 வெள்ளிப் பயணமாக இருந்தால் நான்காவது தடவையிலேயே தொடங்கிவிடும். ஆகவே தூரத்து ஊர்களைப் பாஸ் நாட்களில் வைத்துக்கொண்டு, கிட்டத்து இடங்களை மற்ற நாளில் நடந்தும் ஒன்றிரண்டு தடவை ஏறியும் பார்த்துவிடலாம்.

மூன்றாவது வகை, மாடி பஸ்ஸில் ஊரைச் சுற்றிக் காட்டும் சீட்டு. 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று விற்கிறார்கள். இடங்களைப் பற்றி ஒலிபரப்பில் விளக்கமும் சொல்வார்கள். வழி தெரியாதவர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது வட்டமாக ஒரே திசையில் சுற்றுகிற பஸ். பின்னால் விட்டுவிட்ட ஓர் இடத்துக்குத் திரும்ப வேண்டுமானால் வட்டம் முழுவதும் சுற்றியாக வேண்டும். மாலை நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் நம் சீட்டின் நேரமும் சேர்ந்தே கரைகிறது. மேல்தளத்து வெயில் வேறு. கியா பார்மின் குளிரில் ஸ்வெட்டர் போட்டுப் பழகிய உடம்புக்குப் பட்டணத்து 33 பாகை வெயில் லேசானதல்ல. பெரியவர்களைக் கீழ்த்தளத்தில் உட்கார வைப்பது நல்லது. நம்மைக் கேட்டால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்தச் சீட்டு விலை அதிகம் என்றே சொல்வோம். 2012 ஆகஸ்ட் 31-ல் கட்டணமில்லாமல் ஓடத் தொடங்கிய கோ கே.எல். பஸ்கள் பட்டணத்தின் நடுப்பகுதியைச் சுற்றுகின்றன; வழித்தடங்களுக்கு நிறத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறும்போது அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

இப்போது பாட்டியின் பத்துமலைக்கு வருவோம். நம்மவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவது இங்கேதான். பத்துமலை வாசலிலேயே ரயில் நிற்கிறது. அந்த நிலையம் 2010-ல் திறந்தது. ஆனால் அது கே.டி.எம். கொமுட்டர் ரயில். நம் கையில் இருப்பது ரேபிட் கே.எல். பாஸ். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். பாஸ் இருக்கிறதே என்று கொமுட்டர் கதவில் ஒற்றினால், அட்டையில் இருக்கும் பணம் கழியும். பணம் இல்லையென்றால் கதவு திறக்காது. ஆகையால் பாஸ் வாங்கினாலும் அட்டையில் கொஞ்சம் பணம் வைத்திருக்க வேண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு ஆகும் கட்டணம் சில வெள்ளிதான். அன்றைய தினத்தைப் பத்துமலைக்கென்றே ஒதுக்கி, பாஸ் இல்லாத நாளாக வைத்துக்கொள்வது உத்தமம். 42.7 மீட்டர் உயரத்தில் 2006-ல் எழுப்பிய முருகன் சிலையைக் கீழிருந்தே கண்ணாரக் காணலாம். 272 படிகளைப் பாட்டி ஏறத்தான் வேண்டும் என்றால் வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே போய்விட வேண்டும். இந்தக் கோயிலைத் தொடங்கிய தம்புசாமிப் பிள்ளையின் காலத்தில், 1890களில், பக்தர்கள் எப்படி வந்திருப்பார்கள் என்று ஏறும்போது பேசிக்கொண்டே போகலாம்.

நுழைவுக் கட்டணத்தையும் மறக்கக் கூடாது. பயணப் பாஸ் நம்மை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். 421 மீட்டர் கோலாலம்பூர் கோபுரத்தில் மேலே ஏறவும், இரட்டைக் கோபுரத்தின் வான்பாலத்தில் நிற்கவும் தனிக் கட்டணம் உண்டு. இரட்டைக் கோபுரம் திங்கட்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம். கட்டணம் கட்ட மனமில்லை என்றால் கோபுரத்தின் அடியில் இருக்கும் பூங்காவே போதும். அங்கே பிள்ளைகள் தண்ணீரில் விளையாடக் குளம் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். 1963-ல் திறந்த தேசிய அரும்பொருளகத்துக்குச் சிறு தொகைதான், எம்.ஆர்.டி. நிலையம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் குடிமக்களுக்குக் குறைந்த கட்டணம் வைத்திருப்பார்கள். பெரியவர்களின் மைகார்டோடு பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் பைக்குள் போட்டுக்கொண்டால் ஒவ்வோர் இடத்திலும் சில வெள்ளி மிஞ்சும். அறுபது வயதைக் கடந்த குடிமக்களுக்கும் மாணவர்களுக்கும் ரேபிட் கே.எல். அரைக் கட்டணச் சலுகை தருகிறது. ஆனால் அதற்குத் தனி அட்டை எடுக்க வேண்டும். வருஷத்தில் பல முறை போகிறவர்கள்தான் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பும் பஸ்ஸுக்கு டிக்கெட்டை டி.பி.எஸ்.-ஸில் வந்து இறங்கும் நாளிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். விடுமுறைக் கடைசியில் கேமரன் மலை பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். தானா ராத்தாவில் இறங்கும்போது இருட்டிவிட்டால் கியா பார்முக்கு டாக்ஸிதான். அந்த டாக்ஸிக் காசை முதல் நாளே தனியாக ஓர் உறையில் போட்டு, செலவு செய்யாதவர் யாரோ அவரிடம் கொடுத்துவையுங்கள்.