பொம்மைக்கு ஏன் காணிக்கை?

"நோயாளிகளுக்கென்று கொடுத்த காணிக்கையில் பொம்மையா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

பிறந்த குழந்தை அழாமலும் மூச்சுவிடாமலும் கிடந்தால், ஒரு நிமிஷத்துக்குள் மாஸ்க்கை வைத்து, பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கத் தொடங்கவேண்டும். அந்நேரத்தில் நர்ஸ் புஸ்தகத்தைப் புரட்ட முடியாது.

1960-இல் நார்வே தேசத்துப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால், செயற்கைச் சுவாசம் பழக ஆள் உயரப் பொம்மை செய்தார். அந்த நிறுவனத்தின் குழந்தைப் பொம்மையில் வெதுவெதுப்பான நீர் நிரப்பினால் சிசுவைப்போலவே கனத்துத் துவளும். மாஸ்க் சரியாகப் பொருந்தாவிட்டால் நெஞ்சு உயராது. பயிற்சி கொடுப்பவர் குமிழை அழுத்தினால்தான் அழும். எங்கள் சிஸ்டர் லேசில் அழுத்தமாட்டார்கள்.

பிரசவ அறைக்கு வெளியே தகப்பன்மாரோடு ஜெபித்து நிற்கிறவன் நான். உள்ளே இருக்கும் கை, முதன்முதலாக அவர்கள் பிள்ளையிடம் பழகக்கூடாது. பழகிய கைக்கும் சில மாதங்களில் மறந்துபோகும். ஆகையால் பொம்மை வார்டிலேயே இருக்கவேண்டும்.