குளம்பு படாத நிலம்



பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்டவர் எளிதில் மறவார். மரம் செறியாத வெளி. மழைநீர் அரித்த எண்ணற்ற ஓடைகள். அவற்றிடையே செம்மையும் மஞ்சளும் கலந்த களிமண் மேடுகள். இவ்வெளியில் குதிரை ஏறிச் சென்றால் எத்துணை இன்பமாக இருக்கும் என்று இளைஞர் உள்ளம் எண்ணுவது இயல்பே. "இத்தகைய இடத்தில் குதிரைப் பாதை வகுத்து, எல்லார்க்கும் திறந்துவிடலாகாதா?" என்று கேட்போரும் உண்டு. கேள்வி நல்லதுதான். விடை கூறுமுன் அந்நிலம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறே இன்று நாம் காணும் களிமண். அதனுள் சுருள் வடிவான அம்மோனைட்டுச் சிப்பிகளும், துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற பெலெம்னைட்டு என்னும் கற்களும் புதைந்துள்ளன. பின்னவை கணவாய் மீனின் பழைய உறவினம் ஒன்றன் உடற்பகுதிகள். இப்பகுதியில் கிடைத்த புதையுயிர்களை 1846-ஆம் ஆண்டிலேயே எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் விரித்தெழுதினார். பின்னர் பிளான்ஃபோர்டு என்பார் இப்பாறைகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் நம் ஊர்ப் பெயர்கள் பாறைத் தொகுதிகளின் பெயர்களாகி உலக நூல்களில் இடம்பெற்றன.

இனிக் குதிரையை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ள விலங்கு அது; குளம்பிலோ இரும்பு லாடம். ஈரக் களிமண்ணில் அக்குளம்பு ஆழப் பதியும். பதிந்த குழியில் நீர் தேங்கும். அடுத்த மழையில் அக்குழியே ஓடையாக நீளும். உலர்ந்த காலத்திலோ, தரைமேல் கிடக்கும் சிப்பி பொடிப்பொடியாகும். மேலைநாடுகளில் பல இடங்களில் மழைக்காலத்தில் குதிரைப் பாதைகளை மூடிவைத்து, நிலம் உலர்ந்த பின்னரே திறக்கின்றனர். அங்கே குலைவது பாதை மட்டும். இங்கோ பாதையோடு வரலாறும் குலையும்.

குளம்பினும் கொடியது மனிதனின் கை. விளையாட்டாக ஒரு சிப்பியைப் பெயர்த்தெடுத்து வீட்டு அலமாரியில் வைப்பவர், அது எந்த அடுக்கில் கிடந்தது என்னும் செய்தியை அழித்துவிடுகிறார். ஏட்டிலிருந்து கிழித்த ஒற்றை இதழுக்கு முன்பின் தொடர்பு ஏது?

அப்படியாயின் நிலத்தை என்றும் பூட்டியே வைப்பதா? வேண்டுவதில்லை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலியிட்டுக் காத்துவருகிறது. அம்மரம் கெடவும் இல்லை, காண வருவோர் ஏமாறவும் இல்லை. அம்முறையைக் காரைக்கும் விரிக்கலாம். முதலில் அறிஞர்கள் அடுக்குகளை அளந்து குறிக்கட்டும். புதையுயிர் செறிந்த மேடுகளை விலக்கி, ஓரத்து உறுதியான தரையில் பாதை வகுக்கட்டும். மழை மாதங்களில் அதனை மூடட்டும். அதன்பின் நடப்போரும் குதிரை ஏறுவோரும் வரலாம்.

அதுவரை காத்திருத்தலை வீண்பொழுதெனக் கருதாதீர்கள். நிலநூல் பயிலுங்கள், குதிரையேற்றமும் பயிலுங்கள். குதிரையை விரைந்து செலுத்தும் திறத்தோடு, கடிவாளம் பிடித்து நிறுத்தும் திறமும் பெற்றவனே நல்ல வீரன். நம் சிற்றூர்களின் எல்லையில் ஐயனாரின் மண்குதிரைகளைக் காண்கிறோம். பாயும் தோற்றத்தோடு வனைந்த அவற்றை, நம் முன்னோர் ஊர்க்காவலுக்கென நிறுத்திவைத்தனர். பாயும் ஆற்றல் இருந்தும் காவல் நிற்கும் அக்குதிரை இன்று உங்களுக்கு ஏற்ற ஆசான்.