முறுக்குப் பொட்டலமும் குரங்குக் காய்ச்சலும்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

போன ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாபநாசத்துக்கு அழைத்துச் சென்றேன். படித்துறையில் குரங்குகளுக்கு முறுக்கு நீட்டினார்கள். நானும்தான் நீட்டினேன். திரும்பும் வழியில் ஒரு மாணவி, "சார், குரங்கு மேல உண்ணி இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோர மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. காரணம் ஒரு வைரஸ், பரப்பியது உண்ணி. பின்னர் கேரளம், கோவா, மகாராஷ்டிரத்திலும் இந்நோய் தென்பட்டது. நம் களக்காடு–முண்டந்துறையும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதானே!

குரங்கு இறந்ததும் உண்ணிகள் உடலைவிட்டு இறங்கி அடுத்த உயிரைத் தேடுகின்றன. ஆகவே குரங்கைக் கொல்வது தீர்வாகாது. அதுவும் நம்மைப் போல நோயாளிதான். அதன் சாவு நமக்கு எச்சரிக்கை.

எண்ணிக்கை பெருகினால் என்ன செய்வது? பயிர்ச்சேதத்தைக் குறைக்க இமாச்சலப் பிரதேசத்தில் 2006–07 முதல் குரங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்து விடுகிறார்கள். அது அரசின் வேலை. நம் வேலை எளியது: தீனி போடாதிருப்பது. நாம் போடும் தீனிதான் ஊரோரக் கூட்டத்தைப் பெருக்குகிறது.

வகுப்பில் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: குரங்குக்கு உணவு நீட்டாதே. செத்த குரங்கைத் தொடாதே, வனத்துறைக்குச் சொல். காட்டுக்குப் போய் வந்தால் குளித்து, உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்.

இந்த ஆண்டும் பாபநாசம் போகிறோம். முறுக்குப் பொட்டலத்தைப் பள்ளியிலேயே காலி செய்துவிட்டுத்தான் வண்டி ஏறுவோம்.